கோப்பிக்காலத் துரை ஒருவரைக் காணி உறுதிகளில் தேடுவது எப்படி?

கேள்வி (திம்புள்ளைப் பேரன்)

என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் ஸ்கொட்லாந்துக்காரர். 1860களில் இலங்கை மலைநாட்டின் திம்புள்ளைப் பக்கம் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார் என்பது குடும்பப் பேச்சு. அவரோடு வாழ்ந்தவர் தமிழ்ப் பெண். கையில் இருப்பது அந்த ஸ்கொட்லாந்துக்காரரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டுமே. லண்டனில் இந்திய அலுவலக ஆவணங்களில் தேடியும் ஆளைக் காணோம். காணிப் பதிவகத்தில் எதிலிருந்து தொடங்குவது?

பதில் (மலையோரம்)

இந்திய அலுவலக ஆவணங்களில் அவரைத் தேட வேண்டாம். இலங்கை 1802 முதல் தனி முடியாட்சிக் குடியேற்றம். அதன் கடிதப் போக்குவரத்து குடியேற்ற அலுவலகத்துக்குத்தான் (கொலோனியல் ஒபிஸ், சுருக்கமாக சி.ஓ.) போனது. லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற வரிசை அது.

பதிவகத்துக்குப் போகுமுன் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: அவர் தோட்டச் சொந்தக்காரரா, சம்பளத்துக்கு இருந்த துரையா? வீட்டுப் பேச்சில் இருவருமே "தோட்டம் வைத்திருந்தவர்"தான். ஆனால் காணி உறுதியில் (உரிமைப் பத்திரத்தில்) சொந்தக்காரர் பெயர் மட்டும்தான் ஏறும். அக்கால இலங்கை விவரத் திரட்டான பெர்குசன் டிரெக்டரியைப் பாருங்கள். தோட்டவாரியாகச் சொந்தக்காரர், கொழும்பு முகவர், துரை, ஏக்கர் எல்லாம் அதில் இருக்கும். ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் நாலைந்து வருடத்தைத் தொடர்ந்து புரட்டுங்கள். துரைமார் அடிக்கடி தோட்டம் மாறுவார்கள், தோட்டங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து பெயர் மாறும்.

பதில் (அறுதி உறுதி)

சொந்தக்காரர்தான் என்று தெரிந்தால் ஆளை விடுங்கள், காணியைப் பிடியுங்கள். பதிவேடு காணிவாரியாக ஓடுகிறது. ஒரு காணிக்கு ஒரு ஃபோலியோ, அதாவது பதிவேட்டுப் பக்கம். அதில் கொடுத்தவர், வாங்கியவர், உறுதியின் வகை, தொகை, உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் (உறுதி எழுதும் சட்ட அலுவலரின்) பெயர் எல்லாம் வரிசையாக வரும். பக்கம் நிரம்பினால் அடுத்த தொகுதிக்குக் கொண்டுபோவார்கள். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்ற இலக்கம் ஃபோலியோவிலேயே இருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போவதுதான் தேடல். ஆகவே பிந்திய உறுதி ஒன்று கிடைத்தால் போதும், அதன் பதிவுக் குறிப்பில் தொகுதியும் ஃபோலியோவும் இருக்கும். 1972 காணிச் சீர்திருத்தத்திலும் 1975 திருத்தத்திலும் தோட்டங்கள் அரசிடம் போனதால், அதற்கு முந்திய கம்பனி உறுதியைத் தேடிப் பிடியுங்கள்.

காணிப் பதிவுச் சட்டம் 1863இல் வந்தது. அதற்கு முந்தியவற்றை ஃபோலியோவில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் 1840இன் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன் நடக்க வேண்டும் என்பதால் உறுதி என்று ஒன்று இருந்திருக்கும்; பிந்திய உறுதியின் உரித்து வரலாற்றில் அதன் இலக்கமும் திகதியும் அகப்படலாம்.

பங்கிலும் கவனம். "பிரிபடாத அரைப் பங்கு" என்று கண்டால் மற்ற அரையின் வழியையும் தனியாகத் தேட வேண்டும். உங்கள் ஆள் அந்த மற்ற அரையில் இருக்கலாம்.

பதில் (நில அளவை)

தொடக்க உறுதி அகப்படாவிட்டால் வரைபடத்திலிருந்து வாருங்கள். அரசு காட்டை ஏலத்தில் விற்று கொடையுறுதி (அரசு கொடுக்கும் முதல் உறுதி) எழுதியபோது உரித்து வரைபடமும் வரைந்தார்கள். அதன் பிரதிக்கு நில அளவைத் திணைக்களத்தில் கேட்கலாம். எல்லை விவரத்தில் "இன்ன இலக்க உரித்து வரைபடத்துக் காணி" என்று அயல் காணியைச் சொல்லியிருக்கும். அயலாரின் வரைபடத்திலிருந்தே உங்கள் காணிக்கு வந்துவிடலாம்.

உறுதியின் காணி அட்டவணையில் ஆங்கிலத் தோட்டப் பெயர் இல்லாமலும் போகலாம். "முக்கலான", "பத்தன" என்று முடியும் சிங்களக் காட்டு, புல்வெளிப் பெயர்கள் இருக்கும். ஒரு தோட்டம் பல துண்டுகளாகவும் இருக்கும். 212–3–18 என்றால் 212 ஏக்கர், 3 றூட், 18 பேர்ச். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர். இதைத் தசமமாக வாசித்தால் துண்டுகளின் கூட்டுத்தொகை டிரெக்டரியோடு ஒத்துவராது.

விலையும் காலம் சொல்லும். ஏக்கருக்கு 5 ஷில்லிங் அடிமட்ட விலை 1844இல் ஒரு பவுணானது. 1872 முதல் கணக்கு ரூபாயில்.

திம்புள்ளைப் பேரன்

நன்றி. பதிவேட்டுப் பிரதி ஒன்று வந்திருக்கிறது. 1870களில் இரண்டு ஈடு (அடமானம்), பிறகு 1880களில் பிஸ்கால் உறுதி. ஈட்டில் கையெழுத்து வேறு யாரோ. அப்படியானால் காணி அவருடையது இல்லையா?

பதில் (அறுதி உறுதி)

அப்படிச் சொல்லிவிட முடியாது. கையெழுத்திட்டவர் அற்றோர்னியாக இருக்கலாம்; ஊருக்குப் போயிருந்த துரைமாருக்கு அற்றோர்னித் தத்துவத்தில் முகவர்களே ஒப்பமிடுவார்கள். அந்தத் திகதியில் அவர் இலங்கையில் இல்லாதிருந்திருக்கலாம் என்று குறித்து, கப்பல் பயணிகள் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

பிஸ்கால் உறுதி என்றால் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற ஏலத்தில் விற்றது. 1869இல் கண்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, 1884இல் ஓரியன்டல் வங்கியும் விழுந்த காலம் அது. வழக்கு இலக்கம் உறுதியிலேயே இருக்கும். அதைக் கொண்டு மாவட்ட நீதிமன்றக் கோவையைக் கேளுங்கள். கடன் எவ்வளவு, யாருக்கு, அப்போது எங்கே இருந்தார் என்பதெல்லாம் அங்கேதான்.

பதில் (மலையோரம்)

துரையோடு வாழ்ந்த தமிழ்ப் பாட்டியைத் தேட வேறு வழி போக வேண்டும். சட்டப்படி செல்லுபடியான திருமணம் இல்லாவிட்டால், ரோமன்-டச்சுச் சட்டப்படி பிள்ளைகளுக்குத் தகப்பனிடமிருந்து உரிமைவழிச் சொத்து வராது. துரை மரணசாசனம் (உயில்) எழுதாமல் இறந்திருந்தால் அவருடைய சொத்துப் பற்றிய வழக்குக் கோவையில் பிள்ளைகள் வாரிசாக வரமாட்டார்கள். கொடுக்க நினைத்த துரை நன்கொடை உறுதி எழுதினார், அல்லது மரணசாசனத்தில் பெயர் சொன்னார். ஆகவே பெரிய தோட்டத்தின் ஃபோலியோவை மட்டும் பார்த்து முடிக்காதீர்கள். அதே நொத்தாரிசு அதே வருடங்களில் எழுதிய சிறு துண்டுக் காணி நன்கொடைகளைப் பாருங்கள். வாங்கியவர் பெயர் பாட்டியினதாகவோ பிள்ளையினதாகவோ இருக்கலாம். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பலவிதமாக எழுதியிருப்பார்கள். மீனாட்சி என்றால் "மீனாச்சி", "மினாட்சே" என்று எல்லா விதத்திலும் தேடுங்கள்.