எழுப்புதல் கூட்டத்துக்குப் பின் வேலைத்தலத்தில் சுவிசேஷத்தை எப்படி வாழ்வது?

கேள்வி: ஆலையடிவேம்பு விசுவாசி

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

பெரும்போக அறுவடைக்குச் சற்று முன்பு எங்கள் சபையில் எழுப்புதல் கூட்டங்கள் நடைபெற்றன. உபவாச ஜெபமும் கண்ணீரோடு கூடிய அர்ப்பணிப்பும் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. கடைசி இரவில் பேசிய ஊழியக்காரர், வருட முடிவுக்குள் ஒவ்வொருவரும் ஓர் ஆத்துமாவையாவது ஆதாயப்படுத்த, அதாவது ஒருவரையாவது கிறிஸ்துவிடம் கொண்டுவர, வேண்டும் என்று வாக்குறுதி வாங்கி, ஆளுக்கொரு கட்டுச் சுவிசேஷக் கைப்பிரதிகளும் கொடுத்தனுப்பினார்.

நான் அக்கரைப்பற்றுப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் நிறுக்கும் இடத்தில் கணக்கெழுதுகிறேன். முதலாளி முஸ்லிம், உடன் வேலை செய்பவர்களும் நெல் கொண்டுவருபவர்களும் பெரும்பாலும் சைவர்கள். நிறுத்து முடிந்ததும் எடையையும், ஈரத்துக்காகக் குறைக்கும் கழிவையும் துண்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்தத் துண்டோடு ஒரு கைப்பிரதியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று சபையில் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. அதே வேளை, அது பயத்தினால் வரும் தயக்கமோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

இன்னொரு காரியமும் உண்டு. கூட்டத்தில் முன்னால் போய் முழங்காலிட்ட ஒரு சகோதரர், இரண்டு போகமாக உரக்கடைக்குக் கடன் வைத்திருக்கிறார். கடைக்காரர் என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டே, “அவரும் உங்கட சபை ஆள்தானே?” என்று கேட்கிறார். இந்த மனிதரிடம் நான் கைப்பிரதியை எந்த முகத்தோடு நீட்டுவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுள்ளவனாயிருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், மட்டக்களப்பு நகர்

தம்பி, உரக்கடைக் கடனை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; அது தீராமல் மற்றதைப் பேசுவதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

எழுப்புதல் என்றதும் நம்மவர்கள் கூட்டத்தையும் கண்ணீரையும் மட்டுமே நினைக்கிறார்கள். சபைச் சரித்திரத்தைப் படித்தால், எழுப்புதல் என்று பெயர்பெற்றவற்றோடு கடன் திருப்பிக் கொடுத்த கதைகளும் சேர்ந்தே வருவதைக் காணலாம். 1904 இல் வேல்ஸ் நாட்டில், முன்னர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த ஈவான் ரொபர்ட்ஸ் என்ற இளைஞர் தமது சொந்த ஊரான லொக்கரில் பேசத் தொடங்கியபோது, அவர் மக்கள் முன் வைத்த நான்கு காரியங்களில் முதலாவது அறிந்த பாவத்தை அறிக்கையிடுவது, இரண்டாவது சந்தேகத்துக்கிடமானதை வாழ்க்கையிலிருந்து அகற்றுவது, மூன்றாவது ஆவியானவருக்கு உடனே கீழ்ப்படிவது. கிறிஸ்துவைப் பகிரங்கமாக அறிக்கைபண்ணுவது நான்காவதாகத்தான் வருகிறது. நம்முடைய கூட்டங்களில் நான்காவதிலிருந்து தொடங்கிவிட்டு, முதல் மூன்றுக்கும் நேரமில்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன் என்பதால் ஜோன் வெஸ்லியின் முறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1742 இல் பிரிஸ்டல் நகரத்தில் சபைக் கட்டடத்தின் மேல் இருந்த கடனை அடைப்பதற்காக, பன்னிரண்டு பேரளவில் ஒரு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரை வைத்து, வாரம் ஒரு பென்னி சேகரிக்கச் சொன்னார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள் அந்த வீடுகளில் நடப்பதையெல்லாம் கண்டார்கள்: குடி, சண்டை, பட்டினி, நோய். அதன் பின்னர்தான் அந்தக் குழுக்கள் ஒருவர் ஆத்துமாவை மற்றவர் விசாரிக்கும் வகுப்புகளாக மாறின. அடுத்த வருடம் வெஸ்லி வெளியிட்ட பொது விதிகளில், திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் கடன் வாங்குவதும், விலை கொடுக்க வழியில்லாமல் பொருள் எடுப்பதும், தீர்வை கட்டாமல் வந்த சரக்கை வாங்கி விற்பதும் விலக்கப்பட்ட காரியங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் வெளியில் நின்று பிரசங்கம் கேட்ட அதே காலத்தில்தான் இந்த விதியும் வந்தது.

ஆகையால் உங்கள் சபை மூப்பர் ஒருவர் அந்தச் சகோதரரோடு உட்கார்ந்து, மொத்தத் தொகை எவ்வளவு, இந்த அறுவடையில் எவ்வளவு கொடுக்கலாம், மீதி எப்போது என்று எழுதி, அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகட்டும். அவர் ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நுண்கடன் கட்டுவதற்காக உரக்கடையைத் தள்ளிவைக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். சுவிசேஷத்தில் வரும் ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். உரக்கடைக்காரர் ஒரு மடங்கு வந்தாலே மகிழ்ச்சியடைவார்.

பதில் 2: படுவான்கரை ஊழியன்

ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஓர் அபாயத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். “நாங்கள் வாழ்ந்து காட்டுகிறோம், அது போதும்” என்று சொல்லி, வாயைத் திறவாமலே ஆயுளை முடித்துவிடும் கிறிஸ்தவர்கள் நம்மிடையே அதிகம். நேர்மையானவர்கள் சைவர்களிடமும் இருக்கிறார்கள், முஸ்லிம்களிடமும் இருக்கிறார்கள். நான் நேர்மையாக இருப்பதைப் பார்த்து ஒருவர் என்னை நல்ல மனிதன் என்று நினைப்பாரே தவிர, இயேசு எனக்காக மரித்து உயிர்த்தெழுந்தார் என்பதை அவர் அதிலிருந்து எப்படி அறிந்துகொள்வார்?

பிசாசு பிடித்திருந்து குணமான மனிதன் தம்மோடு வர ஆசைப்பட்டபோது ஆண்டவர் அவனை அழைத்துக்கொண்டு போகவில்லை. உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டுக்குப் போய், கர்த்தர் உனக்குச் செய்தவைகளை அறிவி என்று அனுப்பினார் (மாற்கு 5:19). அவனிடம் கைப்பிரதியும் இல்லை, பயிற்சியும் இல்லை, தன் கதை மட்டும்தான் இருந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் நாங்கள் வீடுகளுக்குப் போகும்போது, களைத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரிடம் முதலில் செய்வது அவர்கள் சொல்வதைக் கேட்பதுதான். வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன மகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். பிறகு, “உங்களுக்காக ஜெபிக்கலாமா?” என்று கேட்டால், வேண்டாம் என்பவர்கள் மிகச் சிலரே. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தேநீர் குடித்துவிட்டு வருவோம்.

நிறுவைத் துண்டோடு கைப்பிரதி கொடுப்பதை நானும் விரும்பவில்லை. துண்டை வாங்காமல் அந்த விவசாயி போக முடியாது. மறுக்க முடியாத இடத்தில் நீட்டப்படுவது நற்செய்தியாக அவருக்குத் தோன்றாது. ஆனால் வேலை முடிந்து தேநீர்க் கடையில் அவரே உங்கள் பக்கத்தில் அமர்ந்து பேசத் தொடங்கும்போதும் நீங்கள் மௌனமாக இருந்தால், அதை நான் பயம் என்றுதான் சொல்வேன்.

பதில் 3: கல்லடி வாசகர்

நான் கிறிஸ்தவன் அல்லன்; சைவன். தலைப்பைப் பார்த்து வாசித்தேன். வெளியிலிருந்து பார்ப்பவனின் கருத்தும் உதவக்கூடும் என்று நினைத்து எழுதுகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமிக்குப் பின் கல்லடியிலும் நாவலடியிலும் கிறிஸ்தவ அமைப்புகள் செய்த உதவி பெரிது. பலர் இரவு பகலாக உழைத்தார்கள், அதை மறந்தால் நன்றி கெட்டவர்களாவோம். ஆனால் உலர் உணவுப் பொதியோடு புத்தகத்தையும் வைத்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு முகாமில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மனக்கசப்பு இன்றும் முற்றாக நீங்கவில்லை. நீங்கள் எதைக் கொடுத்தாலும் “இதற்குப் பின்னால் என்ன?” என்று எங்களில் சிலர் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

இதற்கு மாறான உதாரணமும் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். அவர் சைவராகவே இருந்து இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார். அவருக்குக் கற்பித்தது வீண் என்று அந்தக் கல்லூரியார் நினைப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவருடைய பெயரைச் சொல்லும்போதெல்லாம் நாங்களும் அந்தப் பாடசாலைகளைச் சேர்த்தே சொல்கிறோம்.

அன்றாட வாழ்க்கையில் நாங்கள் கவனிப்பவை சிறியவை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது நீங்கள் பிரசாதம் வாங்க மாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதில் மனவருத்தம் இல்லை. அதைப் பேய்க்குப் படைத்தது என்று எங்கள் பிள்ளைகளின் காதில் விழச் சொல்வதில்தான் வருத்தம். மரண வீட்டில் கிரியைகளில் கலந்துகொள்ள வேண்டாம். பந்தல் போடும்போதும் கதிரை இறக்கும்போதும் வந்து நின்றால் போதும்.

கடைசியாக ஒன்று. கேள்வி கேட்ட சகோதரர் நெல் நிறுக்கும் இடத்தில் துண்டு எழுதுகிறவர் என்கிறார். கைப்பிரதியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அந்தத் துண்டில் எழுதும் கழிவு சரியானதுதானா என்று யாரும் கேட்கவில்லையே.

பதில் 4: திருக்கோவில் சகோதரி

இரண்டு காரியங்களைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சபைகளில் தெளிவில்லாமல் பேசப்படுகிறது. நமது அரசியலமைப்பின் 10 ஆவது உறுப்புரை, தான் விரும்பும் மதத்தை உடையவராயிருக்கவும் மேற்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தருகிறது. 14(1)(உ) உறுப்புரை பிரசைகளுக்கு வழிபாடு, அனுசரிப்பு, பயில்வு, போதனை ஆகியவற்றால் அதை வெளிக்காட்டும் உரிமையைத் தருகிறது. ஆயினும் 2003 இல் ஒரு கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தைப் பற்றிய தீர்மானத்தில், மதத்தைப் பரப்புவது தனியொரு அடிப்படை உரிமையாக உறுதியளிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பொருளுதவியையும் மத அழைப்பையும் சேர்ப்பதுதான் அங்கே பெரிய சிக்கலாகப் பார்க்கப்பட்டது. கல்லடி அண்ணன் சொன்ன கசப்பும் அதுவே. சட்டத்துக்குப் பயந்து அல்ல, எதிரே நிற்கும் மனிதரின் தன்மானத்துக்காகவே நாம் அதைத் தவிர்க்க வேண்டும்.

மற்றது, 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத்தாக்குதலை நாம் யாரும் மறக்கவில்லை. இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். அந்தச் சபையின் தலைமைப் போதகர், வேதனையும் கோபமும் இருக்கிறது என்பதை மறைக்காமலே, தாக்கியவர்களை மன்னிப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அதற்குப் பிந்திய மாதங்களில் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தபோது, வழக்கமாக மீன் வாங்கும் முஸ்லிம் நானாவிடம் தொடர்ந்து வாங்கியவர்கள் நம் சபைகளில் இருந்தார்கள். வாங்காமல் விட்டவர்களும் இருந்தார்கள். முஸ்லிம் முதலாளியிடம் வேலை செய்யும் சகோதரரே, அந்த நாட்களில் நம்மில் யார் எப்படி நடந்தார் என்பதை உங்கள் முதலாளி இன்னும் மனதில் வைத்திருப்பார்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. கல்லடி அண்ணன் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். நெல்லில் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கழிப்பது வழக்கம். அது நியாயமும்கூட, காயவைத்தால் எடை குறையும். எங்கள் ஆலையில் ஈரம் அளக்கும் கருவி உண்டு. ஆனால் பெரிய போடிமாரின் (அதிக வயல் உள்ளவர்களின்) நெல்லுக்கு மட்டும்தான் அதை எடுப்பார்கள். ஐந்து பத்து மூடையோடு வருபவர்களுக்கு, காய்ந்த நெல்லோ ஈர நெல்லோ, மூடைக்கு இரண்டு கிலோ என்று ஒரே கணக்குத்தான். அந்த எண்ணை எழுதுவது என் கை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கும் நடைமுறை இது. முதலாளியிடம் இதை எப்படிப் பேசுவது? வேலையை இழக்கும் நிலையில் நான் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பதில் 5: ஓய்வுபெற்ற ஆசிரியர், மட்டக்களப்பு நகர்

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற நீதிமொழி (11:1) உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். முதலாளியிடம் அதைச் சொல்லிக்கொண்டு போக வேண்டாம். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வதை அவருடைய மார்க்கமும் கடுமையாகக் கண்டிக்கிறது என்பது அவருக்கே தெரியும். விவசாயிகள் முன்னிலையிலும் பேசாதீர்கள். மாலையில் கணக்கு ஒப்படைக்கும் நேரத்தில், “சின்ன ஆட்களின் நெல்லுக்கும் கருவியை வைத்துப் பார்த்து எழுதட்டுமா, ஹாஜியார்? ஆலையின் பெயருக்கு நல்லது” என்று ஓர் அனுமதியாகக் கேளுங்கள். வேளாண்மைக்காரர் எடை நம்பிக்கையான இடத்தைத் தேடிப் போவார்கள். அந்த இலாபம் அவருக்கும் விளங்கும். மறுத்தால், கழித்த கிலோ கருவியால் அளந்து கழித்ததா, அளக்காமல் கழித்ததா என்பதையாவது துண்டில் எழுத விடும்படி கேட்டுப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் உடனே வேலையை விடு என்று உங்களுக்குச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள், சபையும் தேடட்டும். ஆத்தும ஆதாயத்துக்கு வாக்குறுதி வாங்கிய சபைக்கு அந்தப் பொறுப்பும் உண்டு.

பதில் 6: படுவான்கரை ஊழியன்

ஐயாவின் யோசனை நல்லது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கழிவு குறைந்த பின் யாராவது ஒரு விவசாயி, “ஏன் தம்பி இப்படி மாற்றினீர்கள்?” என்று நிச்சயம் கேட்பார். அப்போது “முதலாளி சொன்னார்” என்று மட்டும் சொல்லி நழுவிவிடாதீர்கள். முதலாளிக்குரிய மதிப்பை முதலில் கொடுத்துவிட்டு, உங்களை அவரிடம் போய்ப் பேசவைத்தது எது என்பதை இரண்டே வாக்கியத்தில் சாந்தமாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் அவர் கேட்டால் பேசுங்கள், கேட்காவிட்டால் அடுத்த மூடையை நிறுங்கள். உரக்கடைக் காரியத்துக்கு உங்கள் போதகர் சம்மதித்தால், கடைக்குப் போகும் நாளில் அந்தச் சகோதரரோடு நானும் வருகிறேன்.