கட்டக்கோரையைத் தாவரப் பாடத்தில் வைக்கலாமா?

நெய்தல்நிலவன்:
பள்ளித் தாவரவியலில் பாசிகள், பிரயோபைட்டுகள் (மாஸ் வகை), டெரிடோபைட்டுகள் (பெரணி வகை), ஜிம்னோஸ்பெர்ம்கள் (ஊசியிலை மரம் போன்றவை), ஆஞ்சியோஸ்பெர்ம்கள் (பூக்கும் தாவரங்கள்) என்றுதான் இன்னமும் வரிசை போகிறது. பச்சை, சிவப்பு, பழுப்பு மூன்றும் முதல் தலைப்புக்குள் அடக்கம். பழுப்புப் பாசியை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்கிறோமே, அந்த சர்காசம் என்ற பழுப்புப் பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையைப் பிடிக்கும் பற்றுறுப்பு, தண்டு, இலை, மிதக்கக் காற்றுப்பை என்று பார்வைக்கு அசல் செடிதான். செல்லுக்குள் போனால் கதையே வேறு. செடியின் பசுங்கணிகத்தை (ஒளிச்சேர்க்கை நடக்கும் செல் உறுப்பு) சுற்றி 2 சவ்வு, இதில் 4. பச்சையம் பி கிடையாது, சி இருக்கிறது. சேமிப்பு உணவாக ஸ்டார்ச் கிடையாது, லாமினாரின் என்ற வேறொரு சர்க்கரைப் பொருள். ஏதோ ஒரு காலத்தில் வேறொரு செல் சிவப்புப் பாசியை விழுங்கி வைத்துக்கொண்டதால் வந்த பசுங்கணிகம் இது. இதற்கு நெருங்கிய சொந்தம் டயாட்டம்கள் என்ற ஒருசெல் பாசிகள். அப்புறம், 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்த பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி. கட்டக்கோரைக்கு உருளைக்கிழங்குச் செடியைவிட அந்தச் செடியின் நோய்தான் நெருங்கிய உறவு! இதைத் தாவரம் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

கரும்பலகை:
சார், நான் மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறவள். நீங்கள் சொன்ன உறவுமுறையில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பாடம் வம்சாவளி சொல்வதற்காக மட்டும் இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து கருமுட்டை உருவானதும் அது என்ன ஆகிறது? அந்தப் பாடத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஸ்பைரோகைரா என்ற நன்னீர்ப் பச்சைப் பாசியில் கருமுட்டை மட்டும்தான் இரட்டைமடியம் (இரண்டு தொகுதி குரோமோசோம்). முளைக்கும்போதே, குரோமோசோமைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு நடந்து, மறுபடி ஒற்றைமடிய (ஒரு தொகுதி) இழை. உல்வா என்ற பச்சைப் பாசியில் ஒற்றைமடியம், இரட்டைமடியம் என்ற இரண்டு சந்ததியும் ஒரே சாயலில் இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. சர்காசத்தில் முழு உடலும் இரட்டைமடியம், முட்டையும் விந்தும் மட்டும் ஒற்றைமடியம், ஏறக்குறைய நம்மைப் போல. இந்த மூன்றையும் பார்த்த பிள்ளைக்குத்தான் மாஸ் செடியின் தலையில் காம்போடு நிற்கும் வித்துறை (வித்துகள் உருவாகும் பை) இன்னொரு சந்ததி என்பது சட்டென்று பிடிபடும். ஜெர்மன் தாவரவியலாளர் ஹாஃப்மெய்ஸ்டர் 1851இல் மாஸ், பெரணி, ஊசியிலை மரம் எல்லாவற்றிலும் ஒரே சந்ததி மாற்றம் ஓடுவதைக் காட்டினார். அதைப் புரியவைக்கப் பாசிதான் எனக்குக் கைகொடுக்கிறது.

நெய்தல்நிலவன்:
மூன்றாவதற்குக் கோடியம் இருக்கிறதே டீச்சர். அது பச்சைப் பாசி, உடல் இரட்டைமடியம் என்று பாடநூல்களிலேயே உண்டு. பழுப்பு இல்லாமலே உங்கள் மூன்று வகையும் கிடைத்துவிடும்.

என் பயம் அந்த வரிசையைப் பற்றித்தான். சர்காசத்துக்கு அடுத்த பக்கத்தில் மாஸ், அதற்கு அடுத்து பெரணி என்று வந்தால், ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்ததாகத்தான் பிள்ளை படிக்கும். உண்மையில் நிலத் தாவரங்கள் வந்தது நன்னீர்ப் பச்சைப் பாசிகளின் கிளையிலிருந்து. அதிலும் தோற்றம் நன்றாக ஏமாற்றும். கணு, கணுவிடை, கிளை, மலட்டுச் செல்கள் போர்த்திய இனப்பெருக்க உறுப்பு எல்லாம் உள்ள காரா என்ற பச்சைப் பாசிதான் நெருங்கிய உறவு என்று வெகுகாலம் நினைத்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்டபோது, கிளைகூட இல்லாத வெறும் இழையான ஸ்பைரோகைராவின் கூட்டம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அமைப்பைப் பார்த்து உறவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பாசிக்கரை:
ராமநாதபுரம் பக்கம் பாசி எடுக்கிற ஊர்க்காரன் நான். இரண்டு பேரும் சிவப்பை மறந்தே போனீர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இரண்டும் சிவப்புதான், அகார் வருவது இவற்றிலிருந்து. சிவப்புப் பாசியின் விந்துக்கு நீந்த வாலே கிடையாது. தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு என்று சொல்லி வந்தார்கள். 2022இல் பிரான்சு ஆய்வாளர்கள், கஞ்சிப்பாசி இனமான கிராசிலேரியா ஒன்றில், மேலே ஊர்ந்து மேயும் ஐடோடியா என்ற சின்ன உயிரி விந்தைச் சுமந்துபோய்ச் சேர்ப்பதைக் காட்டினார்கள். பூவும் இல்லை, தேனும் இல்லை, கடலுக்குள் மகரந்தச் சேர்க்கை மாதிரியே ஒரு வேலை!

ஜப்பானில் உணவுக்கு வளர்க்கும் நோரி என்ற சிவப்புப் பாசி கோடையில் எங்கே போகிறது என்று வளர்த்தவர்களுக்கே தெரியாது. விதை கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருந்தது. பிரிட்டிஷ் பாசியியலாளர் கேத்லீன் ட்ரூ பேக்கர் 1949இல் அது சிப்பி ஓட்டுக்குள் இழையாக வாழ்கிறது என்று கண்டார். அதற்குமுன் அந்த இழையை வேறொரு பாசியாக எண்ணி கான்கோசெலிஸ் என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள். அதன்பிறகுதான் ஓட்டில் வளர்த்து வலையில் ஏற்றும் முறை வந்தது. ஜப்பானின் அரியாகே கடலைப் பார்த்தபடி அவருக்கு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். இங்கே மிதவையில் வளர்க்கிற காப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசியை நாங்கள் துண்டு துண்டாகக் கட்டித்தான் பெருக்குகிறோம், 45 நாளில் அறுவடை. துண்டு எல்லாம் ஒரே வம்சம். நோய் வந்தால் மொத்தமாகப் போகும். வித்தின் கதை தெரிந்த பிள்ளைகள் எங்களுக்கு வேண்டும். எந்தப் பிரிவில் வைத்தாலும் சரி, பாடத்தை வெட்டாதீர்கள்.

நெய்தல்நிலவன்:
வெட்டச் சொல்லவில்லை அண்ணே. பழுப்பை டயாட்டத்தோடு சேர்த்துத் தனிப் பாடமாகப் போடட்டும். சிவப்பும் பச்சையும் தாவரத்தோடு இருக்கட்டும், அவற்றின் பசுங்கணிகம் ஒரே மூலத்திலிருந்து வந்தது.

கரும்பலகை:
தனிப் பாடம் வந்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன் சார். ஆனால் பாடத்திட்டத்தில் இடம் மாறுகிறவை பெரும்பாலும் வேறு இடத்தில் வந்து சேர்வதில்லை, காணாமலே போய்விடுகின்றன. பழுப்பிலிருந்து மாஸுக்கு அம்புக்குறி போடக் கூடாது என்பதை ஏற்கிறேன், என் வகுப்பில் போடவும் விடுவதில்லை. தனிப் பாடம் வரும்வரை சர்காசத்தின் இனப்பெருக்கக் குழியைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் காட்டத்தான் போகிறேன். அதன் 4 சவ்வுக் கதையையும் அதே வகுப்பில் சொல்லிவிடலாமே, ஏன் கூடாது?