தம்பிக்கு கைனோ ஆபரேஷன்: "தழும்பே இல்லாத லேசர்"னு சொல்றாங்க, நம்பலாமா?

மாம்பலத்தான்:
தம்பிக்கு 22 வயசு, 172 செ.மீ., 74 கிலோ. 15 வயசுல ரெண்டு பக்கமும் மார்பு பொம்பளைங்களுக்கு மாதிரி எடுப்பா வந்தது (கைனோகோமாஸ்டியா, சுருக்கமா கைனோ), அப்படியே நின்னுடுச்சு. டி-ஷர்ட்டுக்கு உள்ளே ரெண்டு பனியன் போட்டுக்கிட்டுத்தான் காலேஜ் போனான். சென்னையில மூணு இடத்துல கேட்டோம். ஒரு இடம் 55 ஆயிரம், இன்னொரு இடம் ஒண்ணேகால் லட்சம். மூணாவது இடத்துல டாக்டரையே கண்ணுல காட்டல. கவுன்சலர்னு ஒரு அம்மா, "லேசர், தழும்பே இருக்காது, மத்தியானமே வீட்டுக்குப் போயிடலாம், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா 20 சதவீதம் குறைப்போம்"னாங்க. ஆபரேஷன் தேவைதானா, டாக்டரை எப்படிச் சரிபார்க்கிறது, இன்சூரன்ஸ் கிடைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கத்திமுனை:
விலையை விடுங்க, முதல்ல அது மார்புச் சுரப்பிச் சதையா கொழுப்பான்னு தெரியணும். மல்லாந்து படுத்து கையைத் தலைக்கு அடியில வைக்கச் சொல்லுங்க. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ரெண்டு பக்கத்துல இருந்து காம்பை நோக்கி வரட்டும். காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை மாதிரி ஒண்ணு விரல்ல தட்டினா அது சுரப்பி. எதுவும் தட்டாம விரல் ரெண்டும் கிட்ட வந்துட்டா வெறும் கொழுப்பு, அதுக்கு எடையைக் குறைச்சுப் பார்க்கலாம். சுரப்பி ஓட்டத்துக்கும் டயட்டுக்கும் கரையாது. கட்டி ஒரே பக்கம் மட்டும், கல்லு மாதிரி, காம்பை விட்டு ஒதுங்கி இருந்தாலோ, காம்புல ரத்தம் கசிஞ்சாலோ, அக்குள்ல நெறிகட்டினாலோ அழகு சிகிச்சைப் பேச்சே வேண்டாம். முதல்ல ஸ்கேன், தேவைப்பட்டா ஊசி டெஸ்ட். ஆண்களுக்கும் மார்புப் புற்றுநோய் வரும், அபூர்வம்தான்.

பருவ வயசுல வர்றது பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானே அடங்கும். ஏழு வருஷம் ஆனது நாராகி இறுகியிருக்கும், மாத்திரையால பெருசா பலன் இருக்காது. அதனால தம்பி விஷயத்துல ஆபரேஷன் நியாயமான யோசனைதான். அதுக்கு முன்னாடி என்ன மருந்து எடுக்கிறான்னு கேளுங்க: ஜிம் ஊசி (ஸ்டீராய்டு), முடி கொட்டுறதுக்கு ஃபினாஸ்டரைடு, மனநலத்துக்கு ரிஸ்பெரிடோன், நீர் பிரிய ஸ்பைரோனோலாக்டோன். காரணம் உள்ளே ஓடிக்கிட்டிருக்கும்போது வெட்டினா திரும்ப வளர வாய்ப்பு உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துன்னா அவரைக் கேட்காம நிறுத்தாதீங்க.

ரத்தத்துல பார்க்க வேண்டியது: ஹார்மோன்கள்ல டெஸ்டோஸ்டிரோன் (காலை 10 மணிக்குள்ள எடுத்தது), எல்எச், எஃப்எஸ்எச், ஈஸ்ட்ரடயால், புரோலாக்டின், பீட்டா எச்சிஜி, தைராய்டு; கூட கல்லீரல், சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின். கூடவே விரைகளைக் கையால தொட்டுப் பார்க்கணும். சங்கடமா இருந்தாலும் இதை விடக்கூடாது. அங்கே சின்னக் கட்டி இருந்தாலும் மார்பு பெருக்கும். விரை ரெண்டும் சின்னதா, இறுகி இருந்தா க்ளைன்ஃபெல்ட்டர் (ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலா இருக்கிற பிறவிக் குறை) இருக்கலாம், குரோமோசோம் டெஸ்ட் வேணும். சட்டையைக் கழட்டச் சொல்லி மார்பை மட்டும் பார்த்துட்டு தேதி குறிக்கிறவர்கிட்ட நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

லேசர் கதைக்கு வருவோம். லேசர் கொழுப்பை இளக்கும், அவ்வளவுதான். அந்த ரப்பர் வில்லை குழாய் வழியா உறிஞ்ச வராது, வெட்டித்தான் எடுக்கணும். அதுக்குக் காம்பைச் சுத்தின கறுப்பு வட்டத்தோட கீழ் விளிம்புல ரெண்டு மூணு செ.மீ. கீறல் போடுவாங்க. கறுப்பும் தோல் நிறமும் சேர்ற கோட்டுல ஒளிஞ்சுக்கிறதால தழும்பு கண்ணுக்குப் படாது. படாதுங்கிறது வேற, இல்லைங்கிறது வேற. தம்பியோட இடது தோள்ல பிசிஜி ஊசித் தழும்பைப் பாருங்க. அது தடிச்சு, மேடா, ஓரம் தாண்டிப் பரவியிருந்தா கெலாய்டு உடம்புவாகு. அதை டாக்டர்கிட்ட நீங்களே காட்டுங்க.

பதிவேடு:
டாக்டரைச் சரிபார்க்கிறதுக்கு: எம்பிபிஎஸ், அதுக்கு மேல ஜெனரல் சர்ஜரியில எம்எஸ் 3 வருஷம், அதுக்கும் மேல பிளாஸ்டிக் சர்ஜரியில எம்சிஎச் 3 வருஷம். எம்சிஎச்சுக்குச் சமமா டிஆர்என்பி (தேசியத் தேர்வு வாரியம் தர்ற பட்டம்). எம்பிபிஎஸ் முடிச்சு நேரா 6 வருஷ டிஆர்என்பி பண்றவங்களும் உண்டு. "காஸ்மெட்டிக் சர்ஜன்"ங்கிறது பட்டம் இல்லை, போர்டுல யாரு வேணும்னாலும் எழுதிக்கலாம். "ஃபெல்லோஷிப் இன் ஏஸ்தெடிக்ஸ்"னு (அழகு சிகிச்சைப் பயிற்சி) மட்டும் இருந்தா அதுக்கு முன்னாடி என்ன படிச்சாங்கன்னு பாருங்க.

டாக்டர் தன்னோட பதிவு எண்ணை பிரிஸ்கிரிப்ஷன்லயும் ரசீதுலயும் போட்டே ஆகணும், 2002 மருத்துவ ஒழுக்க விதிகள்ல இருக்கு. அந்த எண்ணை வச்சு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்துலயும் தேசிய மருத்துவ ஆணையத்தோட பதிவேட்டுலயும் தேடுங்க. எம்பிபிஎஸ் மட்டும் காட்டி எம்சிஎச் காட்டலைன்னா உடனே போலின்னு முடிவு கட்டாதீங்க, கூடுதல் பட்டத்தைச் சிலர் பதியாம விட்டிருப்பாங்க. சான்றிதழைக் கேளுங்க. கேட்டதுக்குக் கோபப்பட்டா பதில் கிடைச்சாச்சு. ஆஸ்பத்திரிக்கு தமிழ்நாடு கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் சட்டப்படி பதிவுச் சான்று சுவத்துல மாட்டியிருக்கணும்.

ஒரு நியாயம் சொல்லிடறேன்: ஜெனரல் சர்ஜன், மார்பு சர்ஜன் இந்த சுரப்பியை எடுக்கத் தகுதி உள்ளவங்கதான். தோல் டாக்டர் ஊசி, ஃபில்லர்ல கைதேர்ந்தவரா இருக்கலாம், சுரப்பி வெட்டுறது அவர் வேலை இல்லை. கையில காசு இல்லைன்னா ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி, மூணுலயும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கு. ஓ.பி.யில காத்திருக்கணும், தீக்காயம் விபத்துக்குத்தான் அங்கே முதலிடம்.

தியேட்டர் பச்சை:
மேலே ரெண்டு பேரும் சொல்லாததைச் சொல்றேன். கொழுப்பு உறிஞ்சுறதுக்கு முன்னாடி உள்ளே ஒரு திரவம் ஏத்துவாங்க: ஒரு லிட்டர் சலைன்ல 1 மி.கி. அட்ரினலின், 500 முதல் 1000 மி.கி. வரை லிக்னோகெய்ன் (மரத்துப்போக வைக்கிற மருந்து). ரத்தம் சிந்தாம இருக்க, வலி தெரியாம இருக்க. இந்த முறையில லிக்னோகெய்னுக்குப் பொதுவா வச்சுக்கிற உச்ச வரம்பு உடம்பு எடையில கிலோவுக்கு 35 மி.கி. தம்பியோட 74 கிலோவுக்கு 2590 மி.கி. இதுல சிக்கல் என்னன்னா, மருந்து கொழுப்புல தங்கி மெதுவா ரத்தத்துல ஏறும். உச்சத்தைத் தொடறது கிட்டத்தட்ட 12 மணி நேரம் கழிச்சு. காலையில ஆபரேஷன், மத்தியானம் வீடு, உச்சம் வர்றப்போ பையன் வீட்டுக் கட்டில்ல படுத்திருப்பான். உதட்டைச் சுத்தி மரத்துப்போறது, நாக்குல இரும்பு ருசி, காதுல ரீங்காரம், உளறல், இதெல்லாம் ஆரம்பக் குறி. அடுத்தது வலிப்பு. அதனால் "மயக்க டாக்டர் யாரு, மொத்தம் எத்தனை மி.கி. போடுவீங்க, தியேட்டர்ல இன்ட்ராலிப்பிட் இருக்கா"ன்னு கேளுங்க (லிக்னோகெய்ன் நஞ்சானா அதை முறிக்கப் போடுற மருந்து அது). கவுன்சலர் பதில் சொல்ல முடியாத கேள்வி இது, டாக்டரே வந்துதான் ஆகணும்.

வெட்டும்போது ரெண்டு விதமாத் தப்பும். காம்புக்கு அடியில சுமார் 1 செ.மீ. கனம் விட்டு வைக்கணும். ஆசைக்கு முழுசா வழிச்சு எடுத்தா காம்பு தட்டு மாதிரி உள்ளே குழியும், அதைச் சரிபண்ண இன்னொரு ஆபரேஷன். குறைச்சு எடுத்தா முனை மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். எடுத்த சதையை வலது இடதுன்னு தனித்தனி ஃபார்மலின் டப்பாவுல பயாப்ஸிக்கு அனுப்பணும். அந்தச் செலவு பேக்கேஜ்ல இருக்கான்னு பாருங்க.

முதல் 24 மணி நேரத்துல ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கி, கெட்டியாகி, நீலம் பாரிச்சு, வலி கூடினா உள்ளே ரத்தம் கட்டுது. ஐஸ் வச்சுக் காலையில பார்க்கலாம்னு இருக்கக்கூடாது, திரும்ப தியேட்டருக்குப் போகணும். ஒண்ணு ரெண்டு வாரத்துல அமுக்கினா தளதளன்னு நீர் ஆடினா அது வேற, சிரிஞ்சுல உறிஞ்சிடலாம். பிரஷர் வெஸ்ட் (மார்பை இறுக்கிப் பிடிக்கிற பனியன்) 4 முதல் 6 வாரம், குளிக்கிற நேரம் போக. நெஞ்சுக்கு வெயிட் தூக்குறது 6 வாரம் கழிச்சு. வீக்கம் வத்தி உருவம் நிலைக்க 3 முதல் 6 மாசம். ஆறாம் மாச போட்டோ இல்லாத "முன்/பின்" ஆல்பத்தை மதிக்காதீங்க.

கிளெய்ம் மேசை:
இன்சூரன்ஸ்: பெரும்பாலான ஹெல்த் பாலிசியிலயும் எக்ஸ்க்ளூஷன் 08னு (எதுக்கெல்லாம் பணம் தரமாட்டோம்ங்கிற பட்டியல்ல) ஒரு வரி இருக்கும். அழகு / பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு உண்டு, உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்க மருத்துவ அவசியம்னு டாக்டர் சான்று கொடுத்தாலும் பரிசீலிக்கணும். கைனோவுக்கு பெரும்பாலும் தள்ளுபடிதான், இருந்தாலும் முன் அனுமதி கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. "கட்டின்னு போட்டு கிளெய்ம் வாங்கித் தர்றோம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, பயாப்ஸி ரிப்போர்ட்டே காட்டிக்கொடுக்கும், பாலிசியே போயிடும். அழகு சிகிச்சைக்கு ஜிஎஸ்டி உண்டு. பிறவி, வளர்ச்சிக் குறை, காயம் இதுக்கான சீரமைப்புக்கு விலக்கு. 55 ஆயிரம் வரி சேர்த்தா சேர்க்காமலா, மயக்க டாக்டர், வெஸ்ட், பயாப்ஸி, மறு ஆபரேஷன் யார் கணக்குன்னு எழுதி வாங்கினா ஒண்ணேகால் லட்சத்துக்கும் அதுக்கும் உள்ள தூரம் குறையலாம்.

மாம்பலத்தான்:
ரொம்ப நன்றி. விரல் வச்சுப் பார்த்தாச்சு, வில்லை தட்டுது, ரெண்டு பக்கமும். ரத்த டெஸ்டுக்கு நாளைக்குக் காலையில. அவன் ஜிம்ல மீன் எண்ணெய் மாத்திரை போடுறான், அது பரவாயில்லையா?

தியேட்டர் பச்சை:
மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, புரூஃபன் (வலி மாத்திரை) எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, பொதுவா ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. சிகரெட் இருந்தா 4 வாரம் முன்னாடியே நிறுத்தணும், இல்லைன்னா காம்புக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு போயிடும். ஆபரேஷன் அன்னைக்கு முன்பக்கம் பட்டன் வச்ச சட்டை போட்டு அனுப்புங்க, கையைத் தூக்க முடியாது. முதல் ராத்திரி அங்கேயே தங்க வைக்கிற இடமாப் பாருங்க. இல்லைன்னா அவசரத்துக்குக் கொடுக்கிற நம்பரை அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி 11 மணிக்கு அடிச்சு, யார் எடுக்கிறாங்கன்னு பாருங்க.