படிவழி: 'ரிவிஷன் ஹிஸ்டரி'க்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய குழுமத்தாருக்கு,

வணக்கம். இணையக் கட்டுரை ஒன்றின் முந்தைய நிலைகளை வரிசையாகக் காட்டும் 'ரிவிஷன் ஹிஸ்டரி' என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று தொடங்கிய இந்த இழையில் திருத்த வரலாறு, பதிப்பு வரலாறு, தொகுப்பு வரலாறு, மாற்றத் தடம் ஆகிய நான்கு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. என் முதல் மடலில் நான் 'திருத்த வரலாறு' என்பதை ஆதரித்திருந்தேன். பின்னர் வந்த மடல்களைப் படித்து எண்ணிப் பார்த்ததில் அந்த ஆதரவைத் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றியது. அதற்கு மாற்றாகப் 'படிவழி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

முதலில், பெயரிடப்போகும் பொருள் எது என்பதில் தெளிவு வேண்டும். பலரும் சேர்ந்து எழுதி மாற்றத்தக்க விக்கி வகைத் தளத்தில் ஒருவர் ஒரு கட்டுரையை மாற்றிச் சேமிக்கும்போது பழைய வாசகம் அழிவதில்லை. அது முழுமையாக, தனக்கென ஓர் எண்ணோடும், சேமித்த நாள் நேரத்தோடும், சேமித்தவரின் அடையாளத்தோடும் அப்படியே இருக்கிறது. எவர் வேண்டுமானாலும் அதைத் திறந்து படிக்கலாம். எந்த இரண்டு நிலைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். முதல் விக்கி 1995இல் தோன்றியது. விக்கிப்பீடியா 2001 சனவரியில் தொடங்கியபோது அது பயன்படுத்திய மென்பொருள் பழைய நிலைகள் அனைத்தையும் நிலையாக வைத்திருக்கவில்லை. அதனால் தொடக்க மாதங்களின் மாற்றங்கள் பல தொலைந்துவிட்டதாகவே நெடுநாள் கருதப்பட்டு, 2010இல் ஒரு பழைய காப்புநகல் கிடைத்தபிறகே அவை மீண்டன. ஆகவே, எதையும் விடாமல் வைத்திருப்பது என்பது கணினி வந்தவுடன் தானாக வந்த இயல்பன்று; மனிதர் எண்ணித் தேர்ந்த நெறி. அந்த நெறிக்கே நாம் சொல் தேடுகிறோம்.

அச்சுக் காலத்தில் இந்த நெறி இல்லாததால் என்ன நேர்ந்தது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். தீதரோ, தலம்பேர் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் 1751 முதல் 1772 வரை 17 உரைத் தொகுதிகளாகவும் 11 படத் தொகுதிகளாகவும் வெளிவந்தது. அதன் இறுதிப் பத்து உரைத் தொகுதிகள் அச்சாகிக்கொண்டிருந்தபோது, அரசின் சினத்துக்கு அஞ்சிய அச்சகத்தார் லெ பிரெத்தோன், தீதரோ மெய்ப்புப் பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரும், அவருக்குத் தெரியாமல் பல பகுதிகளை வெட்டிவிட்டார். 1764இல் தற்செயலாகத் தம் கட்டுரை ஒன்றைப் பார்க்க நேர்ந்தபோதுதான் தீதரோ இதனைக் கண்டறிந்தார். மனம் நொந்து கடிதம் எழுதியும் பயனில்லை. மூலத் தாள்கள் ஏற்கெனவே அழிந்திருந்தன. நீக்கப்பட்ட பகுதிகள் சிலவற்றைக் கொண்ட மெய்ப்புத் தாள்கள் 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட பிறகே, எவை வெட்டப்பட்டன என்பது ஓரளவேனும் உலகுக்குத் தெரிந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வாசகர் தம் கையிலிருந்த நூலின் முன்நிலையைக் காண வழியின்றியே படித்தனர்.

இரண்டாவது நிகழ்ச்சி பெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தைப் பற்றியது. அதன் இரண்டாம் பதிப்பில் சோவியத் இரகசியக் காவல்துறையின் தலைவராக இருந்த பெரியாவைப் பற்றிய கட்டுரை இடம்பெற்றிருந்தது. 1953இல் அவர் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அந்தக் கட்டுரையுள்ள பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு மாற்றுப் பக்கங்களை ஒட்டிக்கொள்ளும்படி சந்தாதாரர்களுக்கு அஞ்சலில் தாள்கள் அனுப்பப்பட்டன. பெரிங் கடலைப் பற்றிய விரிவான செய்திகள் அந்த இடத்தை நிரப்பின. அங்கேயும் மாற்றம் நிகழ்ந்தது. புதிய நிலை ஒன்று பிறந்தது. ஆனால் பழைய நிலையைப் புதிய நிலையோடு சேர்த்து வாசகர் கையில் கொடுக்கும் ஏற்பாடு இல்லை. நமக்கு வேண்டிய சொல் இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும். மாற்றம் எல்லாக் காலத்திலும் உண்டு. மாறுவதற்கு முன்பிருந்தவை ஒவ்வொன்றும் அழியாமல் வரிசையாக நிற்பதுதான் புதியது.

இந்த அளவுகோலை வைத்து நான்கு சொற்களையும் பார்க்கிறேன். 'திருத்தம்' என்ற சொல், முன்பிருந்தது பிழை, பின் வந்தது செம்மை என்ற தீர்ப்பைத் தன்னுள் வைத்திருக்கிறது. நடைமுறையிலோ ஒருவர் ஒரு பத்தியைச் சேர்க்கிறார். மற்றொருவர் அதை நீக்குகிறார். மூன்றாமவர் விஷமத்தனமாக எதையோ எழுதிவிட்டுப் போகிறார். நான்காமவர் பழைய நிலையை மீட்கிறார். இவை அனைத்தையும் திருத்தம் என்பது முறையாகாது. 'வரலாறு' என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. வரல், ஆறு என்று பிரித்தால் வந்த வழி என்றே பொருள் தருகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்று ஒரு நண்பர் எழுதியது உண்மைதான். ஆயினும் கலைக்களஞ்சியத்தில் அது ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் சொல். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய கட்டுரையின் மேலே 'வரலாறு' என்று ஒரு தாவல் (டேப்) இருந்தால், புதிய வாசகர் அதைப் புரட்சியின் வரலாறு என்று கருதித் திறப்பார். பொருளின் வரலாறும் வாசகத்தின் வரலாறும் ஒரே சொல்லில் மோதுகின்றன.

'பதிப்பு' என்பதில் பதிப்பாசிரியரின் முடிவும் வெளியீட்டு நாளும் அடங்கியிருக்கின்றன. 1768இல் எடின்பரோவில் வெளிவரத் தொடங்கிய பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்கு முதற்பதிப்பு, பதினொன்றாம் பதிப்பு என்று எண்ணிச் சொல்லலாம். 2010இல் அச்சான 32 தொகுதிகளே அதன் கடைசி அச்சு வடிவம் என்று 2012இல் அறிவிக்கவும் முடிந்தது. ஒரு காற்புள்ளியை மாற்றிச் சேமித்த நிலையைப் பதிப்பு என்றால் அந்தச் சொல்லின் மதிப்புக் குறையும். 'தொகுப்பு' பற்றிப் பிறகு வருகிறேன். 'தடம்' அழகான சொல். ஆனால் அதை வேறொன்றுக்காக வைத்திருக்க விரும்புகிறேன். 1945இல் அமெரிக்கப் பொறியாளர் வன்னெவர் புஷ் கற்பனை செய்த மெமெக்ஸ் என்னும் கருவியில், ஒரு வாசகர் ஓர் ஆவணத்திலிருந்து இன்னோர் ஆவணத்துக்குச் சென்ற வழி பதிவாகி, பிறருக்கும் கொடுக்கத்தக்கதாக இருந்தது. அதுவே தடம். தடம் வாசகருடையது, நாம் தேடுவது வாசகத்துக்கு உரியது.

இனி 'படி'. நூலின் நகலைப் படி என்பதும், நகல் எடுப்பதைப் படியெடுத்தல் என்பதும், மெய்ப்புப் படி, கையெழுத்துப் படி என்பனவும் நம்மிடையே இன்றும் வழங்குகின்றன. ஏட்டுச் சுவடிகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சுவடிக்குச் சுவடி வேறுபட்ட இடங்களை அடிக்குறிப்பில் '(பி-ம்.)' என்ற சுருக்கக் குறியோடு காட்டினார், பிரதிபேதம் என்பதன் சுருக்கம் அது. தமக்குச் சரியென்று பட்ட பாடத்தை, அதாவது வாசகத்தை, மேலே வைத்தார்; மற்றவற்றை எறிந்துவிடாமல் கீழே வைத்தார். படிப்பவர் தாமே ஒப்பிட்டு மறுக்கும் உரிமையை அந்தச் சிறு எழுத்துகள் காத்தன. விக்கியின் பின்புலத்தில் நிற்கும் நிலைகளும் அதே உரிமையைத்தான் காக்கின்றன. ஒவ்வொரு நிலையும் முழு வாசகத்தின் ஒரு படி. அதே சமயம் ஏறிவந்த ஒரு படியும்கூட. இரு பொருளும் இங்கே ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

'வழி' என்பதைக் கொடிவழி, கால்வழி என்ற சொற்களிலிருந்து எடுக்கிறேன். இரண்டும் மரபு, வம்சம் என்னும் பொருளன. நூலுக்கும் இந்த உறவுச் சொல் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பிரித்து, வழிநூல் நான்கு வகைப்படும் என்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஏதேனும் ஒரு விக்கிக் கட்டுரையின் நிலைகளை வரிசையாகப் பார்க்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீண்டதைச் சுருக்கிய படி, இரண்டு வரியை விரித்த படி, ஒரு பகுதியைச் சுருக்கி இன்னொரு பகுதியை விரித்த படி, பிறமொழிக் கட்டுரையிலிருந்து பெயர்த்துச் சேர்த்த படி என்று அந்த நான்கு வகையும் அங்கே கிடைக்கும். ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படிக்கு ஒரு சிறு வழிநூல். இதைக் கண்டுகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. 'தொகுப்பு வரலாறு' ஏன் குறைபடுகிறது என்பதும் இங்கேயே விளங்குகிறது. தொகுத்தல் என்பது நான்கு வகையில் ஒன்று மட்டுமே; மற்ற மூன்றும் அதில் அடங்கா.

இரண்டு மறுப்புகள் வரும் என எதிர்பார்க்கிறேன். ஒன்று தனிமடலில் வந்தும்விட்டது.

› இணையவழி, தமிழ்வழி என்பவை போலப் படிவழி என்பதையும் 'படியின் மூலமாக' என்றுதான் படிப்பார்கள்.

கவலை நியாயமானது, ஐயா. எனினும் இணையவழிக் கல்வி என்பதில் அத்தொடர் பின்வரும் பெயருக்கு அடையாக நிற்கிறது. படிவழி தனிப்பெயராக நின்று வேற்றுமை ஏற்கும்: படிவழியில் தேடுக, படிவழியைக் காட்டுக. கொடிவழியை எவரும் கொடியின் மூலமாக என்று படிப்பதில்லை அல்லவா?

இரண்டாவது மறுப்பு 'படி' என்பதன் இன்னொரு பயன்பாட்டைப் பற்றியது. சட்டப்படி, விதிப்படி, சொன்னபடி என்று சொல்லின் கடைசியில் வரும்போது அது 'அவ்வாறே' என்னும் பொருளைத் தந்துவிடுகிறது. இந்த மறுப்பை முழுவதும் ஏற்கிறேன். அதனாலேயே, இந்தக் குடும்பத்துச் சொற்களில் 'படி' எப்போதும் முன்னால் நிற்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். படிவழி, படியெண், படிவேறுபாடு என்பன குழப்பமின்றி நிற்கின்றன. மேற்கோள் காட்டத்தக்க நிலையை 'மேற்கோள்படி' என்று சொல்லிப் பார்த்தேன். மேற்கோளின்படி என்றே காதில் விழுகிறது. நிலைப்படி என்றால் வாயிற்படி நினைவுக்கு வருகிறது. இரண்டையும் விட்டுவிட்டேன்.

படியெண் என்ற சொல் ஆய்வாளருக்கு உடனடியாகத் தேவைப்படுகிறது. இணையக் கலைக்களஞ்சியத்தை மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் பெரும்பாலும் முகவரியும் பார்த்த நாளும் மட்டும் தரப்படுகின்றன. அந்த நாளில் அந்தப் பக்கம் ஐந்து முறை மாறியிருந்தால் எந்த வாசகத்தை ஆசிரியர் படித்தார் என்பது படிப்பவருக்குத் தெரியாது. படியெண்ணைக் கொடுத்தால் அந்த ஐயம் நீங்கும். 1995இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியம் இதற்கு வேறொரு வழி கண்டது. ஆண்டுக்கு நான்கு முறை முழுக் களஞ்சியத்தையும் அப்படியே நிறுத்திப் பாதுகாத்து, மேற்கோளுக்கு அந்த நிலையையே பயன்படுத்தச் சொல்கிறது. கட்டுரைகளோ நிபுணர்களின் கையில் தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கின்றன. 1991 முதல் இயங்கும் ஆர்க்சைவ் தளத்தில் ஆய்வுத்தாள்களின் அடுத்தடுத்த படிகள் 1, 2 என எண்ணிடப்பட்டு ஒருங்கே கிடைக்கின்றன. ஒரு நிறுவலில் இருந்த ஓட்டை எந்தப் படியில் அடைபட்டது என்பதைப் பின்னால் வருபவர் பார்க்கலாம். முடிந்த கருத்தை மட்டும் வெளியிடுவது என்ற பழக்கம் தளர்ந்து, கருத்து உருவான முறையும் ஆய்வின் பகுதியாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். படிவழி இருப்பதாலேயே ஒரு கட்டுரை நம்பத்தக்கதாகிவிடாது. 2005 டிசம்பரில் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டபோது, கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்று பிழைகளும் காணப்பட்டன; அந்த ஒப்பீட்டின் முறையைப் பிரிட்டானிக்கா கடுமையாக மறுத்தது. பிழைகளின் எண்ணிக்கையில் பெரிய இடைவெளி இல்லை என்பதைவிட, ஒரு பிழை எப்போது நுழைந்தது, எவ்வளவு காலம் தங்கியது என்று விக்கியில் கேட்டறிய முடிகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனிமனிதரின் அந்தரங்கம், பதிப்புரிமை போன்ற காரணங்களுக்காகச் சில படிகள் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கப்படுவதும் உண்டு. அது தேவையானது என்றே கருதுகிறேன்; மறைக்கப்பட்டது என்ற குறிப்பேனும் பொதுவாக அவ்வரிசையில் எஞ்சுகிறது.

இன்னொன்று. வினாவைத் தட்டச்சிட்டால் சரளமான விடையை உருவாக்கித் தரும் மொழி மாதிரிகளிடம் கலைக்களஞ்சியத்தின் வேலையை இப்போது பலர் ஒப்படைக்கிறார்கள். அந்த விடையின் வாக்கியம் எந்த முன்வாக்கியத்திலிருந்து வந்தது, இடையில் எவர் எதை மாற்றினார் என்று காட்டும் வரிசை அங்கே கிடையாது. 'படிவழியற்ற விடை' என்று ஒரே சொற்றொடரில் இந்தக் குறையை நம் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்ட முடிவதும் இச்சொல்லை நான் விரும்புவதற்கு ஒரு காரணம்.

முடிவாகாமல் நிற்பது ஒன்று. இரண்டு நிலைகளை ஒப்பிட்டுக் காட்டும் 'டிஃப்' என்பதற்குப் படிவேறுபாடு என்றும் படிபேதம் என்றும் இரண்டு சொற்களை எழுதிப் பார்த்திருக்கிறேன். முன்னது எளியது, பின்னது பிரதிபேதத்தின் நேர்வாரிசு, ஆனால் பேதம் என்ற சொல்லில் பகைமையின் சாயல் இருக்கிறது. சுவடிப் பதிப்புத் துறையில் பயின்ற நம் உறுப்பினர்கள் இதில் எதைத் தேர்வார்கள் என்று அறிய ஆவலாக உள்ளேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
குழும உறுப்பினர் ஒருவர்