மறு: "வணிக இயங்குதளம்" வேண்டாம், "கட்டுறு" என்று வைக்கலாமா?

வணக்கம்.

> இலவச இயங்குதளம், வணிக இயங்குதளம் என்றே தலைப்பு வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியுமே?

ஐயா, புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். நேற்று ஒப்பீட்டு அட்டவணையை இந்த இரண்டு தலைப்பில் நிரப்ப உட்கார்ந்தேன், இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிட்டது. ரெட் ஹேட் நிறுவனம் தரும் இயங்குதளமான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸை எந்தப் பக்கம் போடுவது? நிறுவனங்கள் சந்தா கட்டித்தான் அதை வாங்குகின்றன, 2019இல் ஐபிஎம் அந்த ரெட் ஹேட்டையே 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, இது வணிகம் இல்லையென்றால் வேறு எது வணிகம்? ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜி.பி.எல். போன்ற உரிமங்களில் வரும் கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். மேக் ஓ.எஸ். நேர் எதிர். 2013இல் வந்த மேவரிக்ஸிலிருந்து புதுப் பதிப்புக்குக் காசு கிடையாது, ஆனாலும் ஆப்பிள் கணினி தவிர வேறெதிலும் நிறுவ அதன் உரிமம் இடம் தராது.

ஆக, பிரிக்கும் கோடு விலையில் இல்லை, பயனருக்குப் போடும் கட்டுகளில் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, பல பழைய கணினிகளில் அது இல்லை. நன்றாக ஓடும் பழைய கணினிக்கு நாமே திருத்தம் போட்டுக்கொள்ளலாம் என்றால், நிரலர்கள் எழுதிய மூலநிரல் நம்மிடம் இல்லை. இதைத்தான் கட்டு என்கிறேன்.

"கட்டற்ற" ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல், விக்கிப்பீடியாவின் முகப்பிலேயே இருக்கிறது. எதிர்ச்சொல்தான் இழுபறி. "தனியுரிம" பழகியதுதான், ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலிலும் எழுதியவர்களின் காப்புரிமை அவரவரிடமே இருக்கிறது, ஜி.பி.எல். நிற்பதே அந்த உரிமையின் மேல்தான். "மூடிய மூலம்" நிரலை மட்டும் சொல்கிறது, உரிமத்தின் தடைகளைச் சொல்வதில்லை. கட்டு உடையது என்ற பொருளில் "கட்டுடை" என்றால் இலக்கியத் திறனாய்வுக்காரர்கள் கட்டுடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

அதனால் என் பரிந்துரை "கட்டுறு மென்பொருள்". ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, கட்டுற்றது, கட்டுறுவது என்று எல்லாக் காலத்துக்கும் பொருந்தும். "கட்டுறுதி" நினைவுக்கு வந்து பாராட்டாகப் படுமோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு, ஆனால் மென்பொருளோடு சேர்த்தே எழுதினால் அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

இன்னொரு வசதி, இயங்குதளம் முழுவதற்கும் முத்திரை குத்தாமல் ஒரு பகுதியை மட்டும் சுட்டலாம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12ஆம் பதிப்பு நிறுவியில், வைஃபை அட்டை போன்றவற்றின் உள்ளே ஓடும், கட்டற்றதல்லாத நிலைப்பொருளையும் சேர்த்தே தருகிறார்கள். டெபியன் கட்டற்றது, அந்த நிலைப்பொருள் கட்டுறு. அதையே "வணிக நிலைப்பொருள்" என்று எழுதிப் பாருங்கள், சும்மா கொடுப்பதை எப்படி வணிகம் என்பது?

இலங்கை நண்பர்கள் இயங்குதளத்தைப் "பணிசெயல் முறைமை" என்று எழுதுகிறீர்கள், அதன் முன்னால் கட்டுறு ஒட்டுகிறதா என்று சத்தமாகப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை அட்டவணையின் இரண்டாம் தலைப்பைக் காலியாக வைத்திருக்கிறேன்.