சின்ன விமானங்கள் எதனால் விழுகின்றன? மகள் பைலட் படிப்புக்குப் போகிறாள்

மன்னை அம்மா:

எங்களுக்கு ஊர் மன்னார்குடி. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பைலட் ஆக வேண்டும் என்று மூன்று வருடமாக ஒரே பிடிவாதம். மெடிக்கல் பரிசோதனையும் முடிந்தது. வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் அடுத்த மாதம் சேர வேண்டும். கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறக்க வேண்டுமாம். அதில் பெரும்பகுதி இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் சின்ன விமானத்தில்தான்.

2004-இல் நடிகை சௌந்தர்யா போன சின்ன விமானம் பெங்களூரில் விழுந்தபோது இவள் பிறக்கவே இல்லை. எனக்கு அந்த டிவி செய்தி இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய விமானம், நடுவானில் என்ஜின் நின்றுவிடும் என்கிறார் வீட்டுக்காரர். உண்மையில் எதனால் விழுகின்றன? அவளைத் தடுப்பதற்காகக் கேட்கவில்லை. என்ன விசாரித்துச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவாரூர் தேரடி:

பயிற்சி விமானங்களில் பல 30 வருடப் பழசு. என் நண்பர் மகன் படித்த இடத்தில் ஒரு விமானம் ரன்வேயை விட்டு விலகிப் புல்லுக்குள் போய் நின்றது. பணம் கட்டுவதற்கு முன்னால் விமானம் எந்த வருடத்தது என்று கேளுங்கள் அக்கா.

குடமுருட்டிக் கரை:

அம்மா, நான் விமானப்படையில் தரைப்பணியில் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருடம் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் சின்ன விமானங்களுக்கு மெக்கானிக் வேலை. இப்போது பாபநாசம் பக்கம் ஆறு மா நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி சொன்னது போல வருடத்தைக் கேட்டு அதிகம் தெரியாது. செஸ்னா 172 முதலில் பறந்தது 1955-இல். இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில்தான் செய்கிறார்கள். அதில் போடும் என்ஜினை 2,000 மணி நேரம் ஓடியதும் முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் 50 மணி, 100 மணிச் சோதனைகள் வேறு. நம் ஊர் பம்புசெட்டை யாராவது அப்படிப் பார்க்கிறோமா? உடம்புக்கு வயது 30 இருக்கலாம், உள்ளே இருக்கும் என்ஜின் போன வருடம் பிரித்துப் பூட்டியதாக இருக்கும்.

என்ஜின் நின்றாலும் கல் மாதிரி விழாது. 3,000 அடியில் நின்றால் சுமார் 8 கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே வரும். மன்னார்குடிக்கு மேல் நின்றால் நீடாமங்கலம் போகும் வழியில் பாதி தூரத்தைத் தாண்டிவிடும் என்று வையுங்கள். அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயல் கிடைத்தால் இறக்கிவிடலாம். நடவு முடிந்து தண்ணீர் நிற்கிற வயல் என்றால் சக்கரம் புதைந்து குப்புறக் கவிழும். அதனால் பறக்கும்போதே கீழே எந்த இடம் தோது என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். வயர் போகும் இடத்தையும் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கம்பம் தெரியும், வயர் தெரியாது.

பல நாட்டுக் கணக்குகளிலும் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றுதான். பெரும்பாலான விபத்துகள் ஓட்டுபவர் எடுத்த முடிவில் தொடங்குகின்றன. என்ஜின் நிற்பதுகூடப் பல நேரம் எரிபொருளால்தான். தீர்ந்துபோயிருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் கலந்திருக்கும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரவெல்லாம் மழை பெய்து விடிந்த காலை. இறக்கையின் மேல் இருக்கும் டேங்க் மூடியில் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது, அது யார் கண்ணிலும் படவில்லை. பறப்பதற்கு முன்னால் டேங்கின் அடியில் இருந்து கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எரிபொருளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். ஒரு மாணவன் பிடித்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நடுவில் கோடு இல்லை, குமிழி இல்லை, ஒரே சீராகத் தெளிவாக இருந்தது. 'ஓகே சார்' என்று கீழே ஊற்றிவிட்டான். தரையில் அது காயாமல் ஈரமாகவே கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் திக்கென்றது. இந்த என்ஜினுக்கு ஊற்றும் பெட்ரோல் லேசான நீல நிறம், ஊற்றினால் கண் முன்னாலேயே ஆவியாகும். அவன் பிடித்தது முழுக்கத் தண்ணீர். குப்பி நிறையத் தண்ணீராகவே இருந்தால் கோடு எப்படித் தெரியும்? இறக்கையைப் பிடித்து ஆட்டி ஆட்டி வடித்தேன். ஆறாவது குப்பியில்தான் நீலம் வந்தது.

அந்தப் பையன் அப்படியே கிளம்பியிருந்தால் ஓட ஆரம்பித்து, 200, 300 அடி ஏறியதும் என்ஜின் இருமியிருக்கும். அந்த உயரத்தில் ரன்வேக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் மனசு சொல்லும். திரும்பினால் போச்சு. நேரே எதிரில் இருப்பதில்தான் இறக்க வேண்டும்.

மன்னை அம்மா:

ஐயா, படிக்கப் படிக்கக் கை நடுங்குகிறது. ஆனாலும் நிறுத்தாமல் சொல்லுங்கள். ஏன் திரும்பக் கூடாது? மேகம், மழை எல்லாம் எவ்வளவு ஆபத்து?

கும்பகோணம் சோலோ:

ஆன்ட்டி, நான் 70 மணி நேரம் முடித்திருக்கிறேன். திரும்பக் கூடாது என்பதற்குக் காரணம் ஸ்டால். பைக் ஸ்டால் ஆவது மாதிரி என்ஜின் நிற்பது இல்லை. வேகம் குறைந்து மூக்கு அதிகம் தூக்கிவிட்டால் இறக்கை விமானத்தைத் தாங்குவதை விட்டுவிடும், என்ஜின் நன்றாக ஓடும்போதும். சாய்ந்து திரும்பும்போது அது இன்னும் சீக்கிரம் வரும். நேராகப் போகும்போது 50 நாட் (மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர்) வேகத்தில் வருவது, 60 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் 70 நாட் (சுமார் 130 கிலோமீட்டர்) வேகத்திலேயே வந்துவிடும். உயரத்தில் வந்தால் மூக்கைக் கீழே தள்ளி மீட்டுவிடலாம், அதைத்தான் முதல் மாதமே பழக்குகிறார்கள். 300 அடியில் மீட்க இடம் இல்லை. இறங்குவதற்குக் கடைசியாகத் திரும்பும் இடத்திலும் இதே ஆபத்துதான்.

அதிகம் நடப்பது இறங்கும்போது துள்ளுவது, ரன்வேயை விட்டு விலகுவது. தேரடி அண்ணன் சொன்னது அந்த வகை. சக்கரம் போகும், புரொப்பெல்லர் வளையும், உயிர் போவது குறைவு.

குடமுருட்டிக் கரை:

தம்பி சரியாகச் சொல்லிவிட்டார், நான் மேகத்துக்கு வருகிறேன். அம்மா, தை மாதம் விடியற்காலையில் வெண்ணாற்றுக் கரையில் மூடுபனியில் பைக் ஓட்டியிருப்பீர்கள், இல்லை பார்த்திருப்பீர்கள். எதிரே ஒன்றும் தெரியாவிட்டால் ஓரமாக நிறுத்திவிடலாம். மேலே நிறுத்த முடியாது. கண்ணுக்கு அடிவானம் தெரியாமல் போனால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்போதே நேராகப் போவதாக உடம்பு நம்பும். 1954-இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். கட்டுப்பாடு இழக்க ஆன சராசரி நேரம் 178 நொடி. இருபது பேருமே கட்டுப்பாடு இழந்தார்கள். 1999 ஜூலையில் அதிபர் கென்னடியின் மகன் இரவில், மங்கலான வானத்தில், கடலுக்கு மேல் தானே ஓட்டிப் போய் மனைவியோடும் மனைவியின் அக்காவோடும் இறந்ததற்கு விசாரணையில் சொன்ன காரணமும் இந்தத் திசைக் குழப்பம்தான்.

எங்கள் கிளப்பில் சொந்த விமானம் நிறுத்தியிருந்த ஒருவர், தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பினார். மறுநாள் காலை முகூர்த்தம், வடக்கே மேகம் தாழ்ந்து கிடந்தது. இன்ஸ்ட்ரக்டர் வேண்டாம் என்றார், நானும் சொன்னேன். 'தாய்மாமன் நான், போகாமல் இருக்க முடியுமா?' என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார். இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். என்ஜினை அணைத்த பிறகும் இறங்கவில்லை. போய்ப் பார்த்தால், சட்டை முழுக்க நனைந்து, பெல்ட் கொக்கியை அவிழ்க்க விரல் வராமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் அவிழ்த்துவிட்டேன். அவர் திரும்பி வந்தார். அதே அவசரத்தில் போய்த் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான். போன மாதம் எத்தனை நாள் பறக்காமல் நிறுத்தினீர்கள், யார் நிறுத்தினார்கள், ஒரு மாணவி 'இன்று வேண்டாம்' என்றால் அந்த நேரத்துக்குப் பணம் போகுமா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் வந்தால் நல்ல இடம்.

இன்னொன்று உங்கள் கையில் இருக்கிறது. கூடப் படிக்கும் பெண் சோலோ, அதாவது தனியாக ஓட்டிக்கொண்டு, போய்விட்டாளே, நீ ஏன் இன்னும் போகவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. 'இன்று பறக்கவில்லை அம்மா' என்று போன் வந்தால், 'சரி, சாப்பிட்டாயா' என்று கேளுங்கள். வீட்டிலிருந்து போகும் அவசரமும் ஒரு சுமைதான், அதையும் சேர்த்துத்தான் பிள்ளைகள் மேலே தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

மன்னை அம்மா:

இன்று பள்ளிக்குப் போன் செய்தேன் ஐயா. அலுவலகத்தில் இருந்தவர் முதலில் கட்டண விவரம்தான் சொன்னார். நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டதும் போனை இன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்துவிட்டார். அவர் இருபது நிமிடம் பேசினார். போன மாதம் பனியால் ஒன்பது நாள் காலைப் பறப்பை நிறுத்தினார்களாம், வேண்டாம் என்று சொல்லும் மாணவர்களிடம் பணம் பிடிப்பதில்லையாம். ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்காரரும் கேட்டார். திங்கட்கிழமை மூன்று பேரும் நேரில் போகிறோம். டேங்க் மூடி ரப்பரைக் காட்டச் சொல்லிப் பார்க்கப் போகிறேன் என்கிறாள் மகள்.