சிதறடிப்பான் சேர்த்தால் கடலில் எண்ணெய் விரைவாகச் சிதைகிறதா?

கேள்வி (கடலியல் மாணவி):
மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்திலிருந்த கிணறு 87 நாட்கள் எண்ணெயைக் கக்கியபோது, கோரெக்சிட் என்னும் சிதறடிப்பானை (எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கும் வேதிக்கலவையை) ஏறத்தாழ 70 லட்சம் லிட்டர் பயன்படுத்தினார்கள். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு அது உதவும் என்று ஒரு சாராரும், அவற்றை முடக்கிவிடும் என்று மறுசாராரும் எழுதுகிறார்கள். இரண்டுமே ஆய்வகத்தில் கிடைத்த முடிவுகள்தான் என்றால், எதை ஏற்பது?

மறுமொழி (நுண்ணுயிரியலாளர்):
எண்ணெயும் நீரும் தொட்டுக்கொள்ளும் பரப்பில்தான் பாக்டீரியாவின் வேலை பெரும்பாலும் நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் துளியை 0.05 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் 8,000 துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 20 மடங்காகிவிடும். குடுவையில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன்: மேலே கருந்தோலாக மிதந்த எண்ணெய், சிதறடிப்பானைச் சில சொட்டுகள் விட்டுக் குலுக்கியதும் காப்பி நிற மேகமாகக் கீழே இறங்கியது. ஆனால் கடலில் அந்த மேகம் பரவி நீர்த்துப்போகும். குடுவையில் அது எங்கும் போக முடியாது. ஆகவே நீரிலுள்ள சொற்ப நைட்ரஜனும் பாஸ்பரசும் தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதைச் சிதறடிப்பானின் நச்சுத்தன்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுமொழி (ஆய்வு மாணவர்):
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் எல்லாவற்றையும் ஊட்டச்சத்துக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ஜார்ஜியா பல்கலைக்கழகக் குழு, வளைகுடாவின் ஆழ்கடல் நீரைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணெய் மட்டும் கலந்த நீரில் மாரினோபாக்டர் என்னும் எண்ணெய் தின்னும் பாக்டீரியா பெருகியது. சிதறடிப்பானும் சேர்ந்த நீரில் கோல்வெல்லியா என்னும் வேறொரு பாக்டீரியா முந்திக்கொண்டது, எண்ணெயின் முக்கியக் கூறான ஹைட்ரோகார்பன் சிதையும் வேகமோ கூடவில்லை. சிதறடிப்பானும் கரிமப் பொருள்தான். அதையே உணவாகக் கொள்ளும் இனங்கள் உண்டு. அந்த ஆய்வு துளிகளை விட்டுவிட்டு எண்ணெய் ஊறிய நீரை மட்டும் ஒப்பிட்டதால், பரப்பு கூடுவதன் பயன் கணக்கில் வரவே இல்லை என்று எதிர்த்தவர்கள் வாதிட்டார்கள். அது வலுவான வாதம்தான். ஆனால் எந்த இனம் பெருகியது என்ற கண்டறிதலை அது அசைக்கவில்லை.

கேள்வி (கடலியல் மாணவி):
இருவருக்கும் நன்றி. கிணற்றின் வாயிலேயே செலுத்தப்பட்ட சுமார் 29 லட்சம் லிட்டர் என்ன ஆனது?

மறுமொழி (நுண்ணுயிரியலாளர்):
அதன் முக்கியக் கூறான டிஓஎஸ்எஸ், 1,000 மீட்டருக்குக் கீழே பரவிய எண்ணெய்க் கலங்கலோடு சேர்ந்தே நகர்ந்தது. செலுத்துவதை நிறுத்தி 64 நாட்களுக்குப் பிறகும் அங்கே அளக்க முடிந்தது. அதே கலங்கலில், சுமார் 5 டிகிரி குளிரிலும், ஓஷனோஸ்பிரில்லேல்ஸ் வரிசை பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. எனவே அவை அங்கே முடங்கிவிடவில்லை. ஆனால் சிதறடிப்பான் இல்லாதிருந்தால் வேகம் என்னவாக இருந்திருக்கும் என்று ஒப்பிட, அது கலவாத இன்னொரு கலங்கல் அந்த ஆழத்தில் நமக்கு இல்லை.